போன வருடத்து குக் இந்த வருடமும் வருவானா?

பங்குனி பிறந்தால் அறுகம்பையில் கூரை வேலை தொடங்கிவிடும். மாரி மழையில் உக்கிப்போன கிடுகு, உப்புக் காற்றில் துருப்பிடித்த ஃபேன், நிறம் மங்கிய பெயர்ப்பலகை எல்லாம் காசு கொடுத்தால் சரிவரும். ஆள் மட்டும் அப்படியில்லை. அந்த நாட்களில் பொத்துவில் ஹோட்டல் முதலாளிமார் போனில் பேசுவதைக் கேட்டால் பாதி இப்படித்தான் இருக்கும்:

"தம்பி, எப்ப வாறாய்?"

"இன்னும் முடிவு எடுக்கல்ல காக்கா. வெலிகமயில நிக்கச் சொல்றாங்க."

இலங்கையின் அலைச்சறுக்குத் தொழில் கரை மாறி மாறி நடக்கிறது. ஏறத்தாழ மே முதல் ஒக்டோபர் வரை அறுகம்பை. வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொண்டுவந்ததும் கூட்டம் வெலிகம, ஹிக்கடுவைப் பக்கம் போய்விடும். குக், ரூம் போய், சேர்ஃப் பழக்குபவர் என்று வேலையாட்களில் ஒரு பகுதியும் கூடவே போகும். மற்றவர்கள் பெரும்போக வயலுக்கோ கடலுக்கோ திரும்புவார்கள். ஆறு மாதத்தில் கலைந்துபோகும் ஒரு கூட்டத்தை அடுத்த ஆறு மாதத்தில் மறுபடி சேர்ப்பதுதான் இங்கே மனிதவள முகாமைத்துவம். கொழும்புக் கம்பனியில் இதற்கென்று ஒரு பிரிவே இருக்கும். இங்கே பெரும்பாலான இடங்களில் கல்லாவில் இருப்பவரேதான் அந்தப் பிரிவு.

அப்படியொரு பிரிவின் வேலை என்ன? ஆளைத் தேடி எடுப்பது, வேலை பழக்குவது, சம்பளமும் லீவும் முறையாகக் கிடைக்கச் செய்வது, பிணக்கு வந்தால் தீர்ப்பது, நல்லவன் போகாமல் பார்த்துக்கொள்வது. இலங்கையில் இத்துறையினருக்கான ஆளணி முகாமைத்துவ நிறுவகம் 1959இல் தொடங்கியது. அதே வருடம் ஃபிரெடெரிக் ஹேர்ஸ்பேர்க் என்ற அமெரிக்க உளவியலாளர், அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க்கில் சுமார் 200 பொறியியலாளர்களிடமும் கணக்காளர்களிடமும் பேசிக் கண்டதை நூலாக வெளியிட்டார். வேலையில் வெறுப்பை உண்டாக்கும் காரணங்கள் வேறு, விருப்பத்தை உண்டாக்கும் காரணங்கள் வேறு என்பது அவர் கண்டது. சம்பளம், மேற்பார்வை, வேலைச் சூழல் கெட்டால் ஆள் வெறுத்துப்போவான். அவை சரியாக இருந்தால் வெறுப்புப் போகுமே தவிர, அதனால் மட்டும் உற்சாகம் வந்துவிடாது. உற்சாகம், செய்த வேலை மதிக்கப்படுவதிலும், பொறுப்புக் கிடைப்பதிலும், முன்னேற்றத்திலும் இருந்து வருகிறது.

இந்தக் கருத்தோடு சண்டை பிடித்த ஆய்வாளர்களும் உண்டு. ஆனாலும் அறுகம்பைக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. முதலில் வெறுப்பைப் பார்ப்போம். இங்கே அதன் பெரிய ஊற்று சேர்விஸ் சார்ஜ். பில்லில் பத்து வீதம் என்று வாடிக்கையாளரிடம் வாங்குகிறார்கள். மாதம் பத்து இலட்சம் ரூபா பில் போனால் ஒரு இலட்சம் சேரும். பத்துப் பேர் சமமாகப் பிரித்தால் ஆளுக்குப் பத்தாயிரம். பல ஹோட்டல்களில் புள்ளி முறை இருக்கிறது. குக்குக்கு ஆறு புள்ளி, புதிதாக வந்த பொடியனுக்கு இரண்டு, எல்லாருக்குமாக நாற்பது புள்ளி என்றால் ஒரு புள்ளி 2,500 ரூபா. குக்குக்குப் பதினைந்தாயிரம், பொடியனுக்கு ஐயாயிரம். இரண்டு முறையிலும் நியாயம் இருக்கிறது. நியாயம் இல்லாதது, மாதக் கடைசியில் முதலாளி ஒரு தொகையை என்வலப்பில் போட்டு நீட்டுவதுதான். உடைந்த கிளாசுக்கு எவ்வளவு கழித்தார், மொத்தம் எவ்வளவு சேர்ந்தது என்பது யாருக்கும் தெரியாது. கணக்கை எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டிவிட்டால் பாதிச் சந்தேகம் அன்றே தீரும். அதற்குச் செலவு ஒரு தாள்.

அடுத்தது ஊழியர் சேமலாப நிதி, அதாவது ஈபிஎஃப். 1958ஆம் ஆண்டின் சட்டம் நிரந்தர ஊழியர், தற்காலிக ஊழியர் என்று பேதம் பார்ப்பதில்லை. சீசனுக்கு மட்டும் வருபவருக்கும் முதல் நாளிலிருந்தே அது உண்டு. 40,000 ரூபா சம்பளம் என்றால் ஊழியரிடம் 8 வீதம், அதாவது 3,200 ரூபா கழிக்கப்படும். முதலாளி 12 வீதமாக 4,800 ரூபா போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம், 1,200 ரூபா. ஆறு மாதச் சீசனில் சேமலாப நிதியில் மட்டும் 48,000 ரூபா சேரும். "சீசன் ஆளுக்கு எதுக்கு ஈபிஎஃப்?" என்று கேட்கும் முதலாளிக்குச் சட்டம் தெரியாது. "கையில காசாத் தாங்க காக்கா" என்று கேட்கும் பொடியனுக்குக் கணக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் இது வசதி என்பதால்தான் இந்தப் பழக்கம் நீடிக்கிறது. 2026 ஜனவரியிலிருந்து தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

லீவு விடயத்தில் மட்டும் இந்தக் கரை கொழும்புக்கே பாடம் நடத்தலாம். ஹஜ்ஜுப் பெருநாள் இப்போது சீசன் தொடங்கும் நேரத்தில் வருகிறது. 2014இல் நோன்பு ஜூலையில் இருந்தது. ஹோட்டல் நிரம்பி வழியும் மாதத்தில் நோன்பு பிடித்துக்கொண்டு அடுப்படியில் நிற்பது எப்படி என்று அந்த வருடங்களில் வேலை செய்தவர்களைக் கேட்க வேண்டும். வெசாக்குக்குப் பாணமைப் பொடியனுக்கு வீட்டுக்குப் போக வேண்டும். உகந்தையால் காட்டுவழி திறந்தால் கோமாரிப் பக்கத்து ஆள் கதிர்காமத்துக்கு நடக்கப் போய்விடுவார். மூன்று சமூகமும் கலந்த ஆளணி இருந்தால் ஒருவரின் பெருநாளுக்கு மற்றவர் நிற்பார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஆண்கள் போனபிறகு ரிசப்ஷனில் யார் இருப்பது என்ற கேள்வியும் அப்போது எழாது. சீசன் தொடங்குமுன்பே இதை ஒரு கலண்டரில் எழுதிவைப்பவருக்கு ஜூலையில் தலையிடி குறைவு.

இனி உற்சாகம். வாடிக்கையாளர் முன்னால் ஏசாமல் இருந்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இணையத்தில் விருந்தினர் ஒருவர் குக்கின் பெயரைச் சொல்லிப் பாராட்டினால் முதலாளிமார் அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து விளம்பரத்துக்குப் போடுகிறார்கள். முதலில் குசினிக்குள் போய் அந்த மனிதனுக்கு வாசித்துக் காட்டலாமே.

பயிற்சிக்கு ஏற்ற காலம் சித்திரை. அறைகள் பாதி வெறுமையாக இருக்கும். பழைய ஆளோடு புதியவனைச் சோடி சேர்த்துவிடலாம். கட்டில் விரிப்பது, கச்சான் ஒத்துக்கொள்ளாதவருக்கு எதைக் கொடுக்கக்கூடாது, அலையில் அடிபட்டு வருபவருக்கு முதலுதவி என்ன என்பதெல்லாம் இரண்டு கிழமைக்குள் பழகக்கூடியவை. பொத்துவில் பொயின்டில் ஹோட்டல் நடத்தும் ஜெட்விங் குழுமம், சீகிரியாவில் வில் உயன ஹோட்டலைத் தொடங்கியபோது அயற்கிராம இளையோரைத் தெரிந்தெடுத்து ஆங்கிலமும் ஹோட்டல் வேலையும் இலவசமாகப் படிப்பித்தது. சிறு முதலாளிக்கு அவ்வளவு தூரம் முடியாது. ஆனால் பல வருடம் குசினியில் நின்றவரின் அனுபவத்தையே மதிப்பிட்டுத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை நாட்டில் இருக்கிறது. வகுப்பில் உட்கார வேண்டியதில்லை, செய்துகாட்டினால் போதும். அதற்கு ஆளை அனுப்ப முதலாளியிடமிருந்து தேவை சில நாள் லீவும் பஸ் காசும்தான்.

இங்கேதான் முதலாளிக்குத் தயக்கம். சான்றிதழ் கையில் கிடைத்தால் பொடியன் கட்டாருக்குப் பறந்துவிடுவான் என்று பயம். பயத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் சான்றிதழ் இல்லாதவனும் பறக்கத்தான் செய்கிறான், குறைந்த சம்பளத்துக்கு. திரும்பி வருபவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். டோஹாவிலும் துபாயிலும் பெரிய ஹோட்டல் குசினிகளில் நின்றுவிட்டு வந்தவர்கள்தான் இன்று இந்தக் கரையில் கிடைக்கக்கூடிய சிறந்த பயிற்றுநர்கள். அவர்களைப் பழைய முறையில் வேலைக்கு எடுக்கவும் முடியாது. கட்டாரில் 2015 முதல் சம்பளம் வங்கி வழியாகவே போகவேண்டும் என்பது சட்டம். அங்கே ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்து வேலை செய்தவர், இங்கே "வா தம்பி, பார்த்துச் செய்வம்" என்றால் வரமாட்டார். நியமனக் கடிதம் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்.