எலுமிச்சம்பழ அளவில் ஓர் ஆப்பிள்!

ஆப்பிள் என்றால் கை கொள்ளாத அளவில் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களே அதிகம். ஆனால், அமெரிக்காவில் எலுமிச்சம்பழ அளவே உள்ள ஆப்பிள் ஒன்று உண்டு. அதன் பெயர் 'விக்சன்.'

மஞ்சள் தோலில் சிவப்புப் படர்ந்த பழம். கடித்தால், தித்திப்பும் புளிப்பும் ஒன்றாக வந்து நாக்கைச் சுண்டும்!

எட்டரின் தோட்டம்

இந்தப் பழத்தை உண்டாக்கியவர் ஆல்பர்ட் எட்டர். கலிபோர்னியாவின் வடபகுதியில், ஹம்போல்ட் மாவட்டத்தின் மலைகளுக்கு நடுவே தோட்டம் போட்டவர். அந்த இடத்துக்கே எட்டர்ஸ்பர்க் என்று பெயர் வந்துவிட்டது.

முதலில் ஸ்ட்ராபெரியில் புது வகைகளை உண்டாக்கிப் புகழ் பெற்றார். ஆப்பிளிலும் இறங்கினார். ஒரு வகையின் மகரந்தத்தை வேறு வகையின் பூவில் சேர்ப்பார். அதில் வரும் விதையை முளைக்க வைப்பார். காய்க்கும் வரை ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார். தேறுவது மிகச் சிலதான்.

அப்படித் தேறிய ஒன்றுக்கு, எட்வர்ட் விக்சன் என்ற பழ நிபுணரின் பெயரைச் சூட்டினார். 1944-ல் அது வெளிவந்தபோது எட்டர் எழுபது வயதைத் தாண்டியிருந்தார்.

யார் வாங்குவார்?

கடைகளில் பெரிய பழத்துக்கே மதிப்பு. சின்னப் பழத்தைப் பறிக்கக் கூலியும் அதிகம். 1950-ல் எட்டர் காலமானார்.

ஆப்பிள் விதையைப் போட்டால் தாய் மரத்தின் பழம் கிடைக்காது. வேறு ஏதோ பழம்தான் காய்க்கும். ஒட்டு மாங்கன்று போல, கிளையை வெட்டி ஒட்டுக் கட்டினால்தான் அதே பழம் கிடைக்கும். ஒட்டுக் கட்ட ஆள் இல்லாவிட்டால் அந்த வகையே அழிந்துவிடும்!

விக்சனுக்கு அந்தக் கதி நேரவில்லை. பழப் பிரியர்கள் சிலர் விடாமல் ஒட்டுக் கட்டி வளர்த்தார்கள்.

சைடருக்கு ஏற்றது

ஆப்பிள் சாற்றைப் புளிக்க வைத்துச் செய்யும் மதுவுக்குச் 'சைடர்' என்று பெயர். சாற்றில் உள்ள சர்க்கரைதான் மதுவாக மாறுகிறது. புளிப்பு, சுவையைக் கொடுக்கிறது. விக்சனில் இரண்டுமே அதிகம். ஆகவே, சைடர் செய்கிறவர்கள் இன்று இதை விரும்பி வாங்குகிறார்கள். மது வேண்டாம் என்பவர்கள், உணவுக்குப் பிறகு தோலோடு அப்படியே கடித்துத் தின்னலாம்.

கடை ஒதுக்கிய பழம், ஒட்டுக் கட்டியவர்கள் கையால் பிழைத்தது. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது அல்லவா?