மைடின் என்னும் முகையத்தீன்

புக்கிட் மெர்தாஜாமில் வீட்டுச் சாமான் வாங்கப் புறப்படுகிறவர்களுக்கு 'மைடின்' என்பது ஒரு பேரங்காடியின் பெயர். அரிசி, எண்ணெய், பெருநாள் துணிமணி ஆகியவை அச்சொல்லோடு சேர்ந்து நினைவுக்கு வருமே அன்றி, அது எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக பாக்தாதில் அடங்கியிருக்கும் ஒரு ஞானியின் பட்டப்பெயர் என்பது வாங்குகிறவர்களுள் பெரும்பாலோருக்கு நினைவில் எழுவதில்லை. 1957-ஆம் ஆண்டில் கிளந்தானின் கோத்தா பாருவில் ஒரு சிறு கடையாகத் தொடங்கப்பட்ட அந்நிறுவனம், அதை நிறுவிய மைடின் முகமது என்பவரின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. ஒரு தனிமனிதரின் பெயர் கடைப்பெயராவது வணிகத்தில் புதிதல்ல. ஆனால் இந்தப் பெயர் கடைவாசலை அடைவதற்கு முன் கடந்துவந்த தொலைவும், வழியில் அது இழந்த எழுத்துகளும் தமிழ் முஸ்லிம்களின் வரலாற்றில் ஒரு பெரும் பகுதியைத் தம்முள் அடக்கியவை.

பெயரின் மூல வடிவம் அரபு மொழியில் 'முஹ்யித்தீன்' என்பதாகும். இது 'முஹ்யீ', 'தீன்' என்னும் இரு சொற்களால் ஆன தொடர். 'முஹ்யீ' என்றால் உயிர்ப்பிப்பவர். 'ஹயாத்' எனத் தமிழ் முஸ்லிம்கள் நாள்தோறும் வழங்கும், உயிர் அல்லது வாழ்நாள் என்று பொருள்படும் சொல்லும் இதே வேரிலிருந்து பிறந்ததுதான். 'தீன்' என்பது மார்க்கம், வாழ்க்கை நெறி என்று பொருள்படும். அரபு இலக்கணத்தில் இரு பெயர்களை இணைக்கும்போது இடையில் வரும் 'அல்' என்னும் சுட்டு, அடுத்த சொல் தகரம் போன்ற சில எழுத்துகளில் தொடங்கினால், தன் லகரத்தை இழந்து அந்த எழுத்தையே இரட்டிக்கச் செய்யும் என்பதால், 'முஹ்யில்தீன்' என்று அமையாமல் 'முஹ்யித்தீன்' என்று ஒலிக்கிறது. ஆக, மார்க்கத்துக்கு உயிரூட்டியவர் என்பதே இதன் நேர்ப்பொருள். இங்கே ஒரு நுட்பமும் உண்டு. 'அல்முஹ்யீ' என்பது இறைவனின் தொண்ணூற்றொன்பது திருநாமங்களுள் ஒன்றாக எண்ணப்படுவது. உயிர் கொடுப்பது இறைவனுக்கு மட்டுமே உரிய செயல் என்பது இசுலாமிய நம்பிக்கை. மனிதருக்கு இச்சொல் வழங்கப்படும்போது 'தீன்' என்னும் சொல் உடன் நின்று பொருளைச் சுருக்கி, வாடிய நெறியைத் தளிர்க்கச் செய்தவர் என்னும் உவமைப் பொருளிலேயே அதை நிறுத்திவிடுகிறது.

இது முதலில் ஒருவருக்குத் தாய்தந்தையர் இட்ட பெயராக இருந்ததில்லை. பழைய அரபு வழக்கில் ஒருவருடைய முழுப்பெயர் பல பகுதிகளால் ஆனது: பிறந்தபோது இட்ட பெயர் 'இஸ்ம்', இன்னாரின் தந்தை என்று சுட்டுவது 'குன்யா', இன்னாரின் மகன் என்பது 'நசப்', ஊரையோ குலத்தையோ குறிப்பது 'நிஸ்பா', பிறர் சூட்டிய சிறப்புப் பட்டம் 'லகப்'. இன்றைய ஈரானின் கீலான் பகுதியில் பிறந்து, பதினெட்டு வயதளவில் கல்விக்காக பாக்தாது சென்று, அங்கேயே மதரசா நடத்தி, 1166-இல் மறைந்த அப்துல் காதிர் ஜீலானிக்கு 'அப்துல் காதிர்' இஸ்ம், 'ஜீலானி' நிஸ்பா, 'முஹ்யித்தீன்' லகப். ஹன்பலி சட்டப் பள்ளியைச் சேர்ந்த அறிஞரும் சொற்பொழிவாளருமான அவருடைய பெயரால் அமைந்த காதிரிய்யா என்னும் ஆன்மிக வழி, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஜாவா வரை பரவிற்று. ஷாஃபி பள்ளியையும் ஹனஃபி பள்ளியையும் பின்பற்றும் தமிழ் முஸ்லிம்கள், அவர் ஹன்பலியாயிற்றே என்று ஒருபோதும் தயங்கியதில்லை. ஞான வழியில் சட்டப் பள்ளி வேற்றுமை குறுக்கே நிற்பதில்லை.

பட்டம் வந்த விதம் பற்றி அவரைப் போற்றும் நூல்களில் வழங்கும் கதை எளிமையானது. ஒரு வெள்ளிக்கிழமை பாக்தாதுக்குத் திரும்பும் வழியில், மெலிந்து நிறம் மங்கிக் கிடந்த ஒருவர் தம்மைத் தூக்கி நிறுத்துமாறு அவரிடம் கேட்டதாகவும், அவர் கைகொடுத்ததும் அம்மனிதர் தேறிப் பொலிவுற்று, 'நான்தான் தீன். என்னை நீர் உயிர்ப்பித்தீர்' என்று உரைத்ததாகவும், பின்னர்ப் பள்ளிவாசலில் நுழைந்தபோது மக்கள் அவரை முஹ்யித்தீன் என்றே அழைத்ததாகவும் அக்கதை சொல்லும். வரலாற்றாசிரியர்கள் இதனைச் சான்றாகக் கொள்ளமாட்டார்கள். எனினும் ஒரு பட்டத்தின் பொருளை எழுத்தறியாதவர்க்கும் விளங்கச் செய்வதற்கு இதைவிடச் சிறந்த உரை எழுதுவது கடினம்.

'தீன்' என்று முடியும் பட்டங்கள் அக்காலத்தில் அரசர்களிடமும் அறிஞர்களிடமும் பெருகிக் கிடந்தன. ஜீலானி மறைவதற்கு முந்தைய ஆண்டில், 1165-இல், அந்தலூசியாவின் முர்சியாவில் பிறந்து 1240-இல் தமாஸ்கசில் மறைந்த மெய்ஞ்ஞானி இப்னு அரபிக்கும் இதே பட்டம் வழங்கிற்று. ஷாஃபி பள்ளியின் பேரறிஞரும், தமிழகக் கரையோரத்திலும் மலாய் நாட்டிலும் இன்றும் ஓதிக்கொடுக்கப்படும் நூல்களின் ஆசிரியருமான இமாம் நவவியையும் (1233–1277) மக்கள் முஹ்யித்தீன் என்று அழைத்தனர். ஆனால் அவர் அதை விரும்பவில்லை என்றும், தம்மை அவ்வாறு அழைப்போரைத் தாம் பொறுத்துக்கொள்வதில்லை என்று கூறினார் என்றும் அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிக்கின்றனர். மார்க்கம் உயிரோடிருக்க ஒரு மனிதரின் தயவு தேவையில்லை என்பது அவர் எண்ணமாக இருந்திருக்கலாம். முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் முழுப்பெயரிலும் முஹ்யித்தீன் இடம்பெற்றிருந்தது; அவருக்கு அத்தகைய தயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

தமிழகக் கரையில் இப்பெயர் வேரூன்றியதற்குப் பேரரசரும் காரணமல்லர், நவவியும் காரணமல்லர். காதிரிய்யா வழியைச் சேர்ந்த ஆலிம்களும் புலவர்களுமே காரணம். காயல்பட்டினத்தைச் சேர்ந்த சதக்கத்துல்லா அப்பா (1632–1703) ஜீலானியைப் போற்றி அரபு மொழியில் இயற்றிய 'குத்பிய்யா' தமிழகத்திலும் கேரளத்திலும் பரவி, விளக்கை அணைத்துவிட்டு அவர் பெயரை ஆயிரம் முறை அழைக்கும் வழக்கத்தோடு ஓதப்பட்டு வந்தது. தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்து சென்னையில் அடங்கிய குணங்குடி மஸ்தான் சாகிபு தமிழில் 'முகியித்தீன் சதகம்' பாடினார். அவருடைய இயற்பெயரே சுல்தான் அப்துல் காதிறு என்பது குறிப்பிடத்தக்கது. மலையாளக் கரையில் கோழிக்கோட்டு காசி முகம்மது 1607-இல் இயற்றிய 'முஹ்யித்தீன் மாலை', அரபு மலையாளத்தில் காலம் அறியப்பட்ட நூல்களுள் மிகப் பழையதாகக் கருதப்படுகிறது. இலங்கையில் பலாங்கொடைக்கு அருகிலுள்ள தஃப்தர் ஜெய்லானி மலைக்குகையில் அவர் தவமிருந்தார் என்பது அங்குள்ள முஸ்லிம்களின் மரபு. நாகூர் ஆண்டவர் எனப்படும் சாகுல் ஹமீது வலியின் பெயருக்கு முன்னும் 'அப்துல் காதிர்' உண்டு. 'காதர் வலி' என்று அவர் அழைக்கப்படுவது அதனால்தான். ரபீயுல் ஆகிர் மாதம் பதினோராம் பிறையில் ஓதப்படும் மௌலிதும், அதையொட்டிப் பங்கிடப்படும் நேர்ச்சைச் சோறும் 'முகையத்தீன் ஆண்டவர்' என்னும் பெயரைப் பிள்ளைகள் காதில் பேச்சு வருமுன்பே ஏற்றிவிட்டன. இறைவனை அன்றி வேறெவரையும் அழைத்து உதவி கேட்பது ஆகாது என்னும் சீர்திருத்தக் கருத்தினர் இவ்வழக்கங்களைக் கடுமையாக மறுத்து வருகின்றனர். மறுப்பவர்களிலும் பலருடைய தந்தை பெயரோ பாட்டனார் பெயரோ முகைதீன்தான்.

பெயரிடும் முறையில் இந்தப் பற்று பல வடிவங்கள் எடுத்தது. நெடுநாள் பிள்ளையில்லாதவர்கள் ஆண்டவர் பேரில் நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளைக்கு 'முகைதீன் பிச்சை' என்று பெயரிட்டனர். அதாவது அவர் பொருட்டால் இறைவன் இட்ட பிச்சை. 'குலாம் முகைதீன்' என்றால் அவருடைய பணியாள். 'காதர் முகைதீன்' என்பதில் ஒரே மனிதரின் இயற்பெயரும் பட்டமும் அடுத்தடுத்து நிற்கின்றன. இலக்கணப்படி ஆண்பாலான இச்சொல்லை 'மைதீன் பீவி', 'மைதீன் பாத்திமா' என்று பெண்களுக்கும் தயக்கமின்றி இட்ட தமிழ்ப் பெற்றோர், அரபு இலக்கணத்தைவிட நேர்ச்சையைப் பெரிதாக மதித்தனர். பிறர் மெச்சிச் சூட்டவேண்டிய ஒரு பெரும்பட்டம் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு இயற்பெயரானது இவ்வாறுதான். பொருளைத் தேர்ந்து இட்ட பெயர் அன்று, பெயருக்குரியவரை நேசித்து இட்ட பெயர். நவவி கொண்ட தயக்கம் இங்கே எழாமைக்கு அதுவே காரணம் எனலாம். முகைதீன் என்று பெயர் பெற்ற மளிகைக்கடைக்காரர் தாம் மார்க்கத்தை உயிர்ப்பித்ததாகக் கருதுவதில்லை.

தமிழ் நாவில் 'ஹ்ய்' என்னும் கூட்டொலி நிற்காது. எழுத்தில் ஹகரத்துக்குக் ககரம் இட்டு 'முகியித்தீன்' என்றும், பிறகு 'முகையத்தீன்', 'முகைதீன்', 'மொகிதீன்' என்றும் வழங்கி, பேச்சில் அதுவும் கரைந்து 'மைதீன்' ஆயிற்று. மலையாளிகளிடம் 'மொய்தீன்' ஆகி, மேலும் குறுகி 'மொய்து' ஆனது. மலாயாவின் பதிவேடுகளில் 'மைதீன்' உரோம எழுத்தில் ஏறியது. அந்த எழுத்தில் தகரமும் டகரமும் ஒன்றே. ஆகவே உரோம எழுத்திலிருந்து மீண்டும் தமிழுக்குத் திரும்பியபோது அது 'மைடின்' என்று வாசிக்கப்பட்டது. கரையோர ஊர்களிலிருந்து கப்பலேறிய சொல், பேரன் பேத்தியர் காலத்தில் வேற்றொலியோடு திரும்பி வந்தபோது, உறவினர்களாலேயே அடையாளம் காணப்படாமல் போயிற்று.

பினாங்கில் இப்பெயரைத் தாங்கியவர்களுள் முதலில் நிற்பவர் காதர் முகைதீன் மெரிக்கன். 1786-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தீவில் குடியேற்றம் அமைத்த பின், சோழமண்டலக் கரையிலிருந்து வந்து சேர்ந்த சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்களுக்குத் தலைவராக, 'கப்பித்தான்' என்னும் பதவியில் அவர் அமர்த்தப்பட்டார். புக்கிட் மெர்தாஜாம் அடங்கிய செபராங் பிறைக் கரைப்பகுதி கெடாவிடமிருந்து கம்பெனியின் கைக்கு வந்த 1800-ஆம் ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலேயே, ஜார்ஜ் டவுனில் பள்ளிவாசலுக்காகப் பதினெட்டு ஏக்கர் நிலம் கம்பெனியால் அளிக்கப்பட்டது. அங்கே எழுந்த கப்பித்தான் கிலிங் பள்ளி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகலாயப் பாணிக் குவிமாடங்களோடு விரிவாக்கப்பட்டு இன்றைய தோற்றத்தைப் பெற்றது. பிட் தெரு என்று முன்பு வழங்கிய சாலையும் அதன் பெயரையே ஏற்றுக்கொண்டது. சற்றுத் தொலைவில் சூலியா தெருவில் நாகூர் ஆண்டவருக்கு எழுப்பப்பட்ட தர்கா நிற்கிறது. 1834-இல் மறைந்த அந்தக் கப்பித்தானின் அடக்கத்தலம் கம்போங் கோலம் பகுதியில் உள்ளது. அவர் பெயரின் இறுதியில் உள்ள 'மெரிக்கன்', அமெரிக்காவோடு எவ்வகையிலும் தொடர்பற்றது. 'மரைக்காயர்' என்னும் கடல்வணிகச் சமூகப் பெயர் ஆங்கில எழுத்தர்கள் கையில் பட்ட பாடு அது.

இந்த 'மெரிக்கன்' பினாங்கிலும் கெடாவிலும் தலைமுறை தலைமுறையாக இறங்கி வரும் உண்மையான குடும்பப் பெயராயிற்று. 'முகைதீன்' அவ்வாறு ஆகவில்லை. தமிழ் முஸ்லிம்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் மேலைநாட்டு முறையிலான குடும்பப் பெயர் மரபில் இல்லை. அடையாள அட்டையில் 'பின்' என்னும் சொல்லுக்குப் பின்னால் வருவது தந்தையின் பெயர் மட்டுமே; அடுத்த தலைமுறையில் அது பாட்டனார் பெயராகி அட்டையிலிருந்து நீங்கிவிடும். வெளிநாட்டுப் படிவங்கள் இறுதிப் பெயரைக் கேட்கும்போதுதான் தந்தை பெயர் குடும்பப் பெயராக உருமாறுகிறது. ஒரே வீட்டில் பிறந்த அண்ணனும் தம்பியும் வெவ்வேறு நாடுகளில் குடியேறினால், ஒரே தந்தையின் பெயர் மொகிதீன் என்றும் மைதீன் என்றும் இரு குடும்பப் பெயர்களாகக் கிளைக்கவும் கூடும்.

கடல் கடந்தவர்களுள் இன்னொருவரைக் குறிப்பிடாமல் விட இயலாது. சேலத்தில் பிறந்து இலங்கைக்குச் சென்ற முகைதீன் பேக் (1919–1991), சிங்களத் திரையிசையில் முன்னணிப் பாடகராக விளங்கினார். அவர் பாடிய பௌத்த பக்திப் பாடல்கள் வெசாக் காலத்தில் இன்றும் இலங்கையில் ஒலிக்கின்றன. தமிழகத்தில் 2004-இல் வேலூரிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பேராசிரியர் காதர் மொகிதீன் பரவலாக அறியப்பட்டவர். அதிராம்பட்டினத்தில் 1955-இல் தொடங்கப்பட்ட காதிர் முகைதீன் கல்லூரியால் இப்பெயர் ஒரு கல்வி நிலையத்துக்கும் உரியதாயிற்று.

மலேசியாவில் இப்பெயருடையவர்களுள் மிக உயர்ந்த பதவியை அடைந்தவர் தமிழர் அல்லர். ஜொகூர் மாநிலத்தின் மூவாரில் 1947-இல் ஒரு மார்க்க அறிஞரின் மகனாகப் பிறந்த முகைதீன் யாசின், 2020 மார்ச்சு முதல் 2021 ஆகஸ்டு வரை நாட்டின் எட்டாவது பிரதமராக இருந்தார். அரபு ஒலியைத் தமிழர்களைவிடக் கவனமாகப் பேணும் மலாய் வழக்கில், 'ஹ்ய்' கெடாமல் அவர் பெயர் செய்தித்தாள்களில் அச்சாயிற்று. ஆனால் 2021 தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட அவசரகாலச் சட்டம் முதலிய அரசு ஆவணங்களில் கையொப்பத்தின் கீழ் வேறொரு வடிவம் காணப்பட்டது. அவருடைய பிறப்புப் பதிவில் பெயர் 'மஹியாதின்' என்று எழுதப்பட்டிருந்தது.