கடனும் கவர்தலும்: போல் சைமனின் இசைப் பயணம்

ஓர் இசைமரபில் வளர்ந்த கலைஞர் வேறோர் இசைமரபை நாடிச் செல்வது புதுமையன்று. ஆயின், அவர் அதனைக் கடனாகப் பெற்றாரா, கவர்ந்து வந்தாரா என்னும் வினா எழுதல் இயல்பே. அமெரிக்கப் பொப்பிசைப் பாடகர் போல் சைமனின் வரலாறு இவ்வினாவை ஆராய்வதற்கு மிகவும் ஏற்றதாகும்.

1941ஆம் ஆண்டிற் பிறந்து நியூயோர்க் நகரில் வளர்ந்த சைமன், 1965இல் பாரிஸ் நகரில் ‘லொஸ் இன்காஸ்’ குழுவினர் வாசித்த அந்தீஸ் மலைநாட்டு இசையொன்றைக் கேட்டு உள்ளம் பறிகொடுத்தார். அதனை ஆசிரியர் பெயர் அறியப்படாத நாட்டார் மெட்டென்றே கருதினார். ஆங்கிலச் சொற்களை அமைத்து, தம் தோழர் ஆட் கார்பங்கலுடன் 1970இல் வெளியிட்ட இசைத்தட்டிற் சேர்த்தார். உண்மையில் ‘எல் கொண்டோர் பாசா’ என்னும் அம்மெட்டு, பெரு நாட்டு இசையாசிரியர் தானியேல் அலோமியா றொபிளஸ் 1913இல் இயற்றியதாகும். அவருடைய மைந்தர் வழக்குத் தொடுத்தார். வழக்கு இணக்கமாக முடிந்தது. மூல ஆசிரியரின் பெயரும் உரிய இடத்தைப் பெற்றது.

1985இல் சைமன் தென்னாபிரிக்காவுக்குச் சென்றார். அங்கு அக்காலத்தில் இன ஒதுக்கல் ஆட்சி நிலவிற்று. அந்நாட்டோடு கலைத்தொடர்பு கொள்ளலாகாதென 1980இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை வேண்டியிருந்தது. சைமனோ ஜொகன்னஸ்பேர்க் நகரில் கறுப்பின வாத்தியக் கலைஞரோடு ஒலிப்பதிவு செய்தார். நியூயோர்க் சங்கக் கட்டணத்தின் மும்மடங்கை அவர்களுக்கு வழங்கினார்.

ஜோசப் சபலாலா 1960இல் தொடங்கிய ‘லேடிசிமித் பிளாக் மம்பாசோ’ குழுவையும் அவர் துணைக்கொண்டார். வாத்தியமின்றிக் குரல்களாலேயே பாடுவது இக்குழுவின் மரபு. வீட்டைப் பிரிந்து சுரங்க விடுதிகளில் வாழ்ந்த தொழிலாளர், காவலர் செவியில் விழாவண்ணம் நுனிக்காலில் மெல்ல ஆடிப் பாடியதிலிருந்து அம்மரபு வளர்ந்ததென்பர். வீடற்றோரைப் பற்றிய பாட்டொன்றைச் சைமனும் சபலாலாவும் சூலு மொழியிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்து இயற்றினர். அதன் ஆசிரியராக இருவர் பெயரும் பொறிக்கப்பட்டன.

1986இல் வெளிவந்த ‘கிறேஸ்லாண்ட்’ என்னும் அத்தட்டு, அடுத்த ஆண்டு அவ்வாண்டின் சிறந்த இசைத்தட்டுக்கான கிறமி விருதைப் பெற்றது. கண்டனமும் உடன் வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களின் போராட்டத்தை அவர் மதிக்கவில்லையென இலண்டனில் இசைவாணர் சிலரே எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆயினும், தாயகம் திரும்ப இயலாதிருந்த மிரியம் மகேபாவும் ஹியூ மசெகேலாவும் 1987இல் அவரோடு ஒரே மேடையிற் பாடினர். சபலாலா குழுவினர் உலகெங்கும் புகழெய்தினர். 1993இல் நெல்சன் மண்டேலா நொபெல் பரிசு பெற்ற விழாவுக்கு அவருடன் சென்று பாடினர்.

நன்மை விளைந்தமையால் தடையை மீறியது சரியாகிவிடுமா? இவ்விடயத்தில் அறிஞர் இன்றும் ஒருமனப்படவில்லை. போராடும் மக்கள் ஒரு தடையை விதிக்குமாறு வேண்டும்போது, அயலார் ஒருவர் தம் விருப்பப்படி அதற்கு விலக்குத் தேடுதல் எளிதில் ஏற்கத்தக்கதன்று. எனினும் ஒன்று தெளிவு. முன்னர் மெட்டைப் பெற்றவர், அதனை இயற்றியவரைப் பின்னரே அறிந்தார். பின்னர் இயற்றியவரையே தேடிச் சென்று பக்கத்தில் இருத்திக்கொண்டார். பிறர் கலையைக் கையாள விரும்பும் நம் இளைஞர்க்கு இவ்விரண்டு பாட்டுகளுமே போதிய பாடமாகும்.