மலை மறித்த மழை, கணவாய் விட்ட காற்று

ஆடி மாதத்தில் கோவை சரவணம்பட்டியில் நின்று மேற்கே பார்த்தால் மேகத்துக்குப் பஞ்சமே இருக்காது. மருதமலைப் பக்கமிருந்து கிளம்பும் சாம்பல் நிறக் கூட்டம் சத்தி ரோட்டைக் கடந்து, கீரணத்தம் ஐ.டி. கட்டடங்களுக்கு மேலாக அன்னூர் திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். காற்று கொடியில் காயும் துணியைப் பிடுங்கும். மழை மட்டும் நாலு தூறலோடு சரி. அதே வாரத்தில், மேற்கு மலைத்தொடரின் கணவாய்க்கு அந்தப் பக்கம் பாலக்காட்டில் குடையில்லாமல் யாரும் தெருவில் இறங்க மாட்டார்கள். அங்கே ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை. கோவைக்கு 600 முதல் 700 வரைதான்.

கோவையின் சீதோஷ்ணத்தை மெச்சாத வெளியூர்க்காரர் கிடையாது. நமக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் இந்தக் குளுமையை நமக்குக் கொடுத்தது மழையல்ல, காற்று. அந்தக் காற்றுக்கு ஒரு மலையும் அந்த மலையில் விழுந்த ஓர் இடைவெளியும் காரணம்.

அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று நீலகிரியிலும் ஆனைமலையிலும் முட்டுகிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஆனைமுடி 2,695 மீட்டர். முட்டிய காற்று மேலே ஏறியாக வேண்டும். ஏற ஏற அழுத்தம் குறைந்து விரிகிறது, விரிவதால் குளிர்கிறது, குளிர்ந்த காற்றால் அத்தனை ஈரத்தைத் தாங்க முடிவதில்லை. வால்பாறையில் கொட்டித் தீர்க்கும் மழை அப்படி வந்ததுதான். மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும் காற்றோ நசுங்கிச் சூடேறுகிறது. ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 10 டிகிரி கூடும். மிச்சமிருந்த மேகமும் அதில் கரைந்துபோகும். கொங்குச் சமவெளியின் பெரும்பகுதி இப்படித்தான் மழைமறைவுப் பகுதி ஆனது.

இந்த ஏற்பாடு நமக்கு மட்டும் வாய்த்ததல்ல. மத்தியதரைக் கடலோரத்தில் லெபனான் என்ற குட்டி நாடு இருக்கிறது. பரப்பு 10,452 சதுர கிலோமீட்டர். கோவை, திருப்பூர் மாவட்டங்களைச் சேர்த்தால் கிட்டத்தட்ட அவ்வளவு வரும். கடற்கரையை ஒட்டியே மலைத்தொடர் எழும்புகிறது. உச்சி 3,000 மீட்டருக்கும் மேல். அங்கே கோடை முழுக்க வறட்சி, மழையெல்லாம் குளிர்காலத்தில். மேற்கிலிருந்து வரும் அந்த மழையைக் கடலோரப் பெய்ரூத்தும் மலைச்சரிவும் முதலில் வாங்கிக்கொள்கின்றன. உயரத்தில் விழுவது பனியாக உறைந்து, சுண்ணாம்புப் பாறைக்குள் கசிந்து, கோடையில் ஊற்றாகப் புறப்படுகிறது. மலைக்குப் பின்னால் இருக்கும் பெக்கா பள்ளத்தாக்கில் வடக்கே போகப் போக நிலம் பாதிப் பாலைவனம். படங்களில் பார்த்து நாம் மயங்கும் லெபனான், மலைக்கு முன்பக்கத்து லெபனான். நம்முடைய உறவு பின்பக்கத்தோடு.

பாலக்காட்டுக் கணவாய்க்கும் அங்கே ஒரு ஜோடி உண்டு. லெபனான் மலை வடக்கே முடியும் இடத்துக்கும் சிரியாவின் கடலோர மலை தொடங்கும் இடத்துக்கும் நடுவே ஹோம்ஸ் இடைவெளி. கடற்காற்று அதன் வழியே உள்நாட்டுக்குள் பாய்கிறது. ஹோம்ஸ் பக்கத்து மரங்கள் பல கிழக்கே சாய்ந்தே வளர்ந்திருக்கும். மலை முழுசாக மறைக்கும் டமாஸ்கஸுக்கு ஹோம்ஸில் பெய்வதில் பாதி மழைகூடக் கிடைப்பதில்லை.

நம் கணவாய் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலம். இருபுறமும் 2,000 மீட்டருக்கு மேல் மலை நிற்க, நடுவில் நிலமட்டம் சில நூறு மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. ஏற வேண்டிய அவசியமில்லாததால் அந்த வழியில் வரும் காற்று தன் ஈரத்தை முழுசாகக் கொட்டுவதில்லை. குறுகிய வாயில் புகுந்து வேகம் எடுக்கிறது. பொள்ளாச்சி வரை சாரல் தெறிக்கும். அதற்குக் கிழக்கே காற்று மட்டும்தான். மதுரை 37 டிகிரியில் காயும் ஜூலையில் கோவை 31, 32-ல் நிற்பது இதனால்தான். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பதும் இதே காற்றை நம்பித்தான். மே முதல் செப்டம்பர் வரை அவற்றுக்கு அறுவடைக் காலம். கார்த்திகை வாக்கில் திசை மாறுகிறது. கிழக்கேயிருந்து உலர்ந்த காற்று இதே வாசல் வழியாக அந்தப் பக்கம் போகும். பாலக்காடு, திருச்சூர்க்காரர்கள் அதை விருச்சிகக் காற்று என்பார்கள். நாம் அனுப்பும் பதில் மரியாதை அது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சீதோஷ்ணத்தை மனிதரைவிடக் கரும்பு சரியாகப் புரிந்துகொண்டது. 1912-ல் கரும்பு இனப்பெருக்க நிலையம் கோவையில் தொடங்கப்பட்டதற்கு முக்கியக் காரணம், இங்கே கரும்பு நன்றாகப் பூக்கும் என்பது. பூத்தால்தானே கலப்பினம் உருவாக்க முடியும்? அந்த நிலையத்தின் விஞ்ஞானிகள் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் உருவாக்கிய ‘கோ’ ரகங்கள் வட இந்தியக் கரும்புக் காடுகளையே மாற்றின. கோ 205 என்ற ரகம் 1918-ல் வந்தது. அந்த ‘கோ’ கோயம்புத்தூர்தான்.

தண்ணீர்க் கணக்கு வேறு. லெபனானுக்கு இருப்பதுபோல் நீரைத் தேக்கும் சுண்ணாம்புப் பாறை நமக்கு இல்லை. சரவணம்பட்டிக்குக் கீழே இருப்பது கெட்டிப் பாறை. விரிசலில் தங்கியதுதான் தண்ணீர். ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடி தாண்டியும் புழுதி கக்கும் வீதிகள் உண்டு. அதனால் மழை பெய்யும் பக்கத்திலிருந்து தண்ணீரைக் கொண்டுவந்தோம். சிறுவாணி அணை இருப்பது பாலக்காடு மாவட்டத்தில்; மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக அந்த நீர் நம் குழாய்க்கு வருகிறது. பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம் மேற்கே ஓடும் ஆறுகளைக் கிழக்கே திருப்பிப் பல்லடம் வரை பாய்ச்சுகிறது. கேரளத்துடன் அதற்கான ஒப்பந்தம் 1970-ல் கையெழுத்தானது. லெபனானில் இது தலைகீழ். 1959-ல் முடிந்த கரவூன் அணை, பெக்காவில் ஓடும் லித்தானி ஆற்றைத் தேக்கி, மலைச் சுரங்கம் வழியாகக் கடல் பக்கம் இறக்குகிறது, மின்சாரத்துக்காக. காய்ந்த பக்கத்து நீர் நனைந்த பக்கத்துக்குப் போகிறது!

பவானி ஆறு மட்டும் சுரங்கம் கேட்கவில்லை. நீலகிரியின் மேற்குப் பகுதியில் பிறந்து, கேரளத்துக்குள் நுழைந்து, அட்டப்பாடியில் கிழக்கே திரும்பித் தானாகவே தமிழ்நாட்டுக்கு வந்துவிடுகிறது. ஆடியில் நம் தலைக்கு மேல் ஓடிய மேகம் தராததை, மலைக்கு அப்பால் பெய்த அதே பருவமழை இந்த ஆற்றில் அனுப்புகிறது. ஈரோட்டருகே காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே வரும் உபரி நீரை ஆறு நீரேற்று நிலையங்கள் வைத்து மேலே தள்ளி, 1,045 குளம் குட்டைகளுக்குக் கொடுப்பதுதான் அத்திக்கடவு-அவினாசித் திட்டம். அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருந்த அந்தத் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. இப்போது அன்னூர்ப் பக்கத்துக் குளங்களுக்குத் தென்மேற்குப் பருவமழை குழாய் வழியாக வருகிறது.