திராட்சைக் கொடித் தந்தி

‘கிரேப்வைன் வழியாகக் கேட்டேன்’ என்று ஆங்கிலத்தில் சொன்னால், செய்தி வாய்வழி வந்தது என்று பொருள். திராட்சைக் கொடி பேசுமா, மாணவர்களே?

1844இல் அமெரிக்காவில் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே மோர்ஸின் தந்தி இயங்கத் தொடங்கியது. இங்கே மின்சுற்றை மூடித் திறந்தால், அங்கே மின்காந்தம் புள்ளியும் கோடுமாகத் தாளில் பதிக்கும். கம்பியும் மின்கலமும் இல்லாமலே ஊரெல்லாம் பரவும் செய்திக்கு, ‘திராட்சைக் கொடித் தந்தி’ என்று வேடிக்கையாகப் பெயரிட்டார்கள். பிறகு ‘தந்தி’ உதிர்ந்தது. கொடி மட்டும் நின்றது.

வேடிக்கைதான், ஆனால் அதையே நம்பியிருந்தவர்களும் உண்டு. அடிமையாகப் பிறந்த புக்கர் டி. வாஷிங்டன், 1901இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் இதை விவரிக்கிறார். 1861-65 உள்நாட்டுப் போர்க் காலம். 3 மைல் தொலைவிலிருந்த அஞ்சலகத்துக்குக் கடிதம் வாங்கப் போகும் அடிமை, அங்கே வெள்ளையர் பேசிக்கொள்வதை நின்று கேட்பார். திரும்பும் வழியில் தம்மவரிடம் சொல்லிவிடுவார். எசமானர் கடிதத்தைப் பிரிக்குமுன்பே, பல முறை, செய்தி குடிசைகளுக்குப் போயிருக்கும்!