குடிப்பதும் மறப்பதும்: நீதிமொழிகள் கற்பிக்கும் தெளிந்த புத்தி

மதுவைக் குறித்து அருளுரை ஆற்ற வேண்டிய நாள் வரும்போது நம்மில் பெரும்பாலோர் நாடும் வேதபகுதி நீதிமொழிகள் 23:29-35 ஆகும். அது சிறந்த பகுதியே. ஆயினும் அதே நூலின் 31-ஆம் அதிகாரத் தொடக்கத்தில் அரசன் ஒருவனுக்கு அவன் தாய் கூறும் அறிவுரையை நாம் அத்துணை அடிக்கடி எடுத்துக்கொள்வதில்லை. அவ்வதிகாரத்தைத் திறக்கும்போதெல்லாம் பத்தாம் வசனத்திற்குத் தாவி, குணசாலியான பெண்ணைக் குறித்துப் பேசி முடித்துவிடுகிறோம். இதனால் நேரும் இழப்பு சிறிதன்று. முதற்பகுதி குடிப்பவனை நோக்கிப் பேசுகிறது. இரண்டாவது பகுதி ஆள்பவனை நோக்கிப் பேசுகிறது. முன்னதை மட்டும் போதிக்கும் திருச்சபை, தெளிந்த புத்தி என்னும் நற்பண்பை எளியவனுக்கு விதிக்கும் கட்டளையாகச் சுருக்கிவிடும். ஆகவே இரு பகுதிகளையும் சேர்த்து வாசிக்க முயல்வோம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நீதிமொழிகள் நூல் திராட்சரசத்தை முற்றிலும் விலக்கும் சட்டத்தைத் தரவில்லை. ஒன்பதாம் அதிகாரத்தில் ஞானமே தன் பந்தியில் திராட்சரசம் கலந்து வைத்து மக்களை அழைக்கிறது. அங்கே வரும் 'கலத்தல்' என்னும் எபிரெய வினையின் வேரிலிருந்தே, குடிகாரர் தேடிச்செல்லும் கலந்த மதுவைக் குறிக்கும் 23:30-இன் சொல்லும் பிறக்கிறது. முழு விலக்கை நாம் போதிக்கலாம். நம் நாட்டின் நிலையில் அதற்குத் தக்க காரணங்கள் உண்டு. ஆனால் வசனத்தில் இல்லாத சட்டத்தை வசனத்தின்மேல் ஏற்றிக் கூறினால், வேதத்தை ஊன்றி வாசிக்கும் இளைஞன் ஒருநாள் கானாவூரைக் காட்டி நம்மை வினவுவான். ஞான இலக்கியம் சட்டம் விதிப்பதைவிடக் கண்ணைத் திறக்கவே விரும்புகிறது.

23-ஆம் அதிகாரப் பகுதி ஒரு விடுகதைபோலத் தொடங்குகிறது. 'யாருக்கு' என்று பொருள்படும் எபிரெயச் சொல் ஒரே வசனத்தில் ஆறுமுறை வருகிறது. துயரம் யாருக்கு, சண்டை யாருக்கு, காரணமற்ற காயம் யாருக்கு என்று வினாக்கள் அடுக்கப்பட்டு, அடுத்த வசனத்தில் விடை ஒரே வரியில் வெளிப்படுகிறது. 22:17 முதல் தொடங்கும் இத்தொகுப்பின் முற்பகுதிக்கும் எகிப்திய ஆமெனெமோபே என்பவரின் போதனை நூலுக்கும் உள்ள ஒற்றுமையை 1924-இல் அடோல்ப் எர்மன் எடுத்துக்காட்டினார். அவ்வொற்றுமை ஏறக்குறைய 23:11-உடன் நின்றுவிடுகிறது. குடியைக் கண்டிக்கும் அறிவுரை எகிப்தியரிடமும் உண்டு. ஆனால் நாம் ஆராயும் இப்பகுதியின் அமைப்பு இஸ்ரவேல் ஆசிரியனுக்கே உரியதாகத் தோன்றுகிறது.

அவன் செய்வது என்ன? வெளியே நின்று குடிகாரனைச் சுட்டிக்காட்டுவதை விட்டு, படிப்படியாக அவன் உள்ளத்திற்குள்ளேயே நம்மை அழைத்துச் செல்கிறான். முதலில் கிண்ணத்தின் அழகு, பின்பு பாம்பின் கடி, பின்பு கண்ணின் மயக்கம் என்று காட்சிகள் நகர்கின்றன. 33-ஆம் வசனத்தில் நம் பழைய மொழிபெயர்ப்பு 'பரஸ்திரீகள்' என்று கூறும் எபிரெயச் சொல்லுக்கு 'விந்தையான காட்சிகள்' என்றும் பொருள் கொள்ளலாம். இவ்விடத்திற்கு அதுவே பொருந்துமென நாம் கருதுகிறோம். பின்பு நடுக்கடலில் படுத்தவனின் தள்ளாட்டம் வருகிறது. அடுத்து, முன்னறிவிப்பு ஏதுமின்றிக் குடிகாரனே பேசத் தொடங்குகிறான்: அடித்தார்களாம், அவனுக்கு வலிக்கவில்லையாம், எப்போது விழிப்பேன், மீண்டும் அதைத் தேடவேண்டும் என்கிறான். 'காரணமற்ற காயம்' என்னும் தொடக்க வினாவின் விளக்கம் இங்கே கிடைக்கிறது. காயம் இருக்கிறது, அது எப்படி வந்ததென்ற நினைவு இல்லை.

அத்துடன் பகுதி முடிந்துவிடுகிறது. ஆசிரியன் தீர்ப்புக் கூறவில்லை. கடைசிச் சொல் குடிகாரனுடையதாகவே நிற்கிறது. இதை மறந்துவிட்டு, குடியினால் இறந்தவனின் அடக்க ஆராதனையில், அழுதுகொண்டிருக்கும் மனைவி மக்கள் முன்னிலையில் இப்பகுதியைத் தீர்ப்பாக வாசிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது இப்பகுதியின் நோக்கத்திற்கே மாறானது.

மீண்டும் தேடுவேன் என்னும் அந்தக் கடைசிச் சொல்லை ஆயர்கள் சற்று நின்று கேட்கவேண்டும். இன்றைய மருத்துவம் குடி அடிமைத்தனத்தை நோயாகக் கருதி மருத்துவம் செய்கிறது. நம் சபைகளில் குடிப்பவனைப் பலிபீடத்தின்முன் நிறுத்தி, இன்றுமுதல் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கி அனுப்புவதுண்டு. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, இல்லாததைக் கண்டு அஞ்சும் சித்தப்பிரமை ஆகியவை உண்டாகக்கூடும். சிலவேளை உயிருக்கே ஆபத்தாகும். ஆகையால் சத்தியம் வாங்கும் ஆயர் அவனை மருத்துவரிடமும் அழைத்துச் செல்லவேண்டும். ஜெபத்திற்கு மருத்துவம் போட்டியன்று. தீமோத்தேயுவின் வயிற்றைக் குறித்துக் கவலைப்பட்ட நிருபம் நம் திருமறையில்தான் இருக்கிறது.

31-ஆம் வசனத்தில் இன்னுமொரு நுட்பம் உண்டு. வாசிக்கப்படவேண்டிய சொல் 'கோஸ்', அதாவது கிண்ணம். ஆனால் எழுத்தில் உள்ள சொல் 'கீஸ்', அதாவது பணப்பை. எழுத்துப் பிழை என்று விளக்கவுரையாளர் இதைக் கடந்துபோவர். பழைய யூத ரபீக்கள் அவ்வாறு விட்டுவிடவில்லை. குடிப்பவன் கிண்ணத்தின்மேல் கண் வைக்கிறான், கடைக்காரன் அவனுடைய பணப்பையின்மேல் கண் வைக்கிறான் என்று அவர்கள் நயம் கண்டார்கள். சொல்லாராய்ச்சியாக இது நில்லாது, உண்மையாக நிற்கும். கிண்ணத்தைப் பார்க்கிறவனைக் குறித்து நாம் ஆயிரம் அருளுரைகள் செய்திருக்கிறோம். பையைப் பார்க்கிறவனைக் குறித்து எத்தனை செய்திருக்கிறோம்?

இவ்வினாவே நம்மை 31-ஆம் அதிகாரத்திற்குக் கொண்டுசெல்கிறது. லேமுவேல் இஸ்ரவேலின் அரசனாக எங்கும் காணப்படாதவன். முதல் வசனத்தில் வரும் 'மாஸா' என்னும் சொல்லை இறைவாக்கு என்றும், ஆதியாகமம் 25:14 குறிப்பிடும் இஸ்மவேலரின் குலப்பெயர் என்றும் இருவகையாகக் கொள்வர். மகனே என்று தாய் மும்முறை விளிக்கையில் எபிரெயச் சொல்லை விட்டு 'பர்' என்னும் அரமேயச் சொல்லையே கையாளுகிறாள். புறநாட்டுத் தாய் ஒருத்தியின் குரல் இது என்று எண்ண இடமுண்டு. அவள் மகனுடைய உடல்நலத்தையோ குடும்ப மானத்தையோ குறித்துப் பேசவில்லை. அரசன் குடித்தால் விதிக்கப்பட்டதை மறந்துபோவான். சிறுமைப்பட்டவர்களின் வழக்கு புரண்டுபோகும் என்பதே அவள் கூறும் காரணம். அரசனின் கிண்ணத்துக்கு விலை கொடுப்பவன் வேறொருவன் என்பதை அவள் அறிந்திருக்கிறாள்.

எஸ்தர் நூலின் ஆசிரியர் இதையே ஒரு வரியில் வரைந்துகாட்டுகிறார். யூதரை அழிக்கும் கட்டளை அஞ்சற்காரர் வழியாகப் புறப்படுகிறது. அரசனும் ஆமானும் குடிக்க உட்காருகிறார்கள். நகரம் கலங்குகிறது (3:15). ஆமோஸ் கண்ட சமாரியாவின் தலைவர்களும் பெரிய பாத்திரங்களில் திராட்சரசம் பருகினார்கள். யோசேப்பின் அழிவுக்காக அவர்களுடைய மனம் நோகவில்லை (6:6). இவ்விடங்களில் குற்றம் மதுவின் அளவில் இல்லை, மறதியில் இருக்கிறது.

நம் திருவள்ளுவர் புலால் மறுத்தலை அறத்துப்பாலில் வைத்துவிட்டு, கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில் வைத்ததும் இங்கே நினைக்கத்தக்கது. அரசும் அமைச்சும் பேசப்படும் பாலில் அவ்வதிகாரம் நிற்கிறது. நம் மாநிலத்தின் வரலாறும் இதற்கு நெருங்கியதே. 1937-இல் இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது, 1948-இல் அது சென்னை மாகாணம் முழுவதிற்கும் விரிந்தது, 1971-இல் நிறுத்திவைக்கப்பட்டது. 1983-இல் மது விற்பனைக்கென அரசே தமிழ்நாடு மாநில வாணிபக் கழகத்தை அமைத்தது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. அரசின் ஆண்டு வருவாயில் இன்று மதுவின் பங்கு 40,000 கோடி ரூபாய்க்கும் மேல். மறுபுறம், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மதுவிலக்கா, கட்டுப்பாடா என்னும் வழக்கில் நீதிமொழிகள் நேரடித் தீர்ப்புத் தரவில்லை. நேர்மையானவர்கள் இரு பக்கத்திலும் உள்ளனர். ஆனால் லேமுவேலின் தாய் எழுப்பிய வினாவை ஆட்சியாளர் முன் வைக்கும் கடமையிலிருந்து திருச்சபை விலக முடியாது.

அவ்வினா நம்மையும் விடவில்லை. நாதாப், அபியூ மாண்ட பின்பு, ஆசரிப்புக் கூடாரத்திற்குள் வருகையில் குடிக்கலாகாது என்று ஆரோனுக்குக் கட்டளை பிறக்கிறது; பரிசுத்தமானதையும் அல்லாததையும் பகுத்தறியவும் மக்களுக்குப் போதிக்கவும் வேண்டுமென்பதே காரணமாகக் கூறப்படுகிறது (லேவியராகமம் 10:9-11). ஏசாயாவின் நாளில் ஆசாரியனும் தீர்க்கதரிசியும் மதுவினால் தடுமாறி, நியாயந்தீர்ப்பதில் இடறினார்கள் (28:7). 1 தீமோத்தேயு 3-இல் கண்காணிக்குரிய பண்புகளில் இரண்டு அருகருகே வருகின்றன. 'நேபாலியோஸ்' என்பதன் முதற்பொருள் மது அற்றவன். நம் பழைய மொழிபெயர்ப்பு அதை 'ஜாக்கிரதையுள்ளவன்' என்கிறது. 'சோப்ரோன்' என்பது நலமான மனமுடையவன். அதற்கே 'தெளிந்த புத்தியுள்ளவன்' என்று காண்கிறோம். ஆனால் பதினோராம் வசனத்தில் பெண்களைக் குறித்து முன்னைய சொல் மீண்டும் வரும்போது, அங்கே அதுவும் 'தெளிந்த புத்தி' ஆகிவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் தவறினார் என்று நாம் கூறவில்லை. இரு சொற்களின் எல்லைகளும் கலப்பவையே. மதுபானப்பிரியனை விலக்கிய உடனே அடிக்கிறவனையும் நிருபம் விலக்குவது கவனிக்கத்தக்கது. மது அருந்தாமலே சபைக்கூட்டத்தில் கையோங்கும் ஆயர் முன்னதில் தேறி, பின்னதில் தவறுகிறார்.

இனி, நம்மில் பலர் தவிர்க்கும் வசனங்கள் 31:6-7. அழிந்துபோகிறவனுக்கு மதுவைக் கொடுங்கள், அவன் குடித்துத் தன் வறுமையை மறக்கட்டும் என்கிறாள் தாய். இது ஏளனப் பேச்சு என்பர் சிலர். துன்புறுவோருக்கு இரக்கம் என்பர் சிலர். எபிரெய மூலத்தில் 'குடித்து மறந்து' என்னும் அதே இரு வினைச்சொற்கள் ஐந்தாம் வசனத்தில் அரசனுக்கும் ஏழாம் வசனத்தில் ஏழைக்கும் வருகின்றன. அரசன் குடித்து ஏழையின் உரிமையை மறக்கிறான். ஏழை குடித்துத் தன் வறுமையை மறக்கிறான். முன்னவன் மறவாதிருந்தால் பின்னவனுக்கு மறக்கவேண்டிய தேவை இராது. எனவேதான் எட்டாம் வசனத்தில் தாய் தொடர்ந்து, ஊமையனுக்காக வாயைத் திற என்று கட்டளையிடுகிறாள். ஏழைக்கு மதுவையே அருமருந்தாக அவள் பரிந்துரைத்தாள் என்று கொண்டால், இக்கட்டளைக்கு முந்திய வசனங்களுடன் தொடர்பில்லாமல் போய்விடும். ஏழாம் வசனத்தோடு வாசிப்பை நிறுத்துகிறவனே அப்பொருளைக் கொள்வான்.

யூதர்கள் ஆறாம் வசனத்தை வேறுவிதமாகவும் செயற்படுத்தினார்கள். மரணதண்டனைக்குக் கொண்டுசெல்லப்படுகிறவனுக்கு உணர்வு மங்கும்படி சாம்பிராணி கலந்த திராட்சரசம் கொடுக்கும் வழக்கத்தை இவ்வசனத்தோடு இணைத்துத் தல்மூது கூறுகிறது. எருசலேமின் மேன்மையான பெண்கள் அதை அளித்தார்கள் என்றும் குறிக்கிறது. மாற்கு 15:23-இல் வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசம் கர்த்தருக்குக் கொடுக்கப்பட்டபோது அவ்வழக்கமே பின்னணியாக இருந்திருக்கலாம். அதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. பின்பு 36-ஆம் வசனத்தில் கடற்காளானில் நீட்டப்பட்ட காடி வேறு. அது போர்வீரர் தாகத்துக்குக் குடிக்கும் மலிவான புளித்த ரசம், மறதிக்காகக் கலக்கப்பட்டதன்று. யோவான் 19:30-இன்படி அதை அவர் வாங்கிக்கொண்டார்.