பதுளையின் திருத்தலங்களும் மடுல்சீமையின் மலைக்கோயில்களும்

ஓர் ஊருக்குப் புதிதாகச் செல்வோர் முதலில் அவ்வூர்க் கோயிலை நாடிச் செல்லுதல் எம்மவரிடையே தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். கும்பிட்டுத் திரும்புவதோடு அமையாது, அக்கோயில் அவ்விடத்தே எவ்வாறு தோன்றியது, அதனை எழுப்பியோர் யாவர், அவர் எவ்வழியே அங்கு வந்தடைந்தனர் என்பவற்றையும் உசாவுவோமாயின், அவ்வூரின் வரலாறு முழுவதையும் கோயில் வாயிலிலேயே கற்றுக்கொள்ளலாம். இவ்வாறு கற்பதற்கு இலங்கையில் பதுளையைப் போன்று வாய்ப்பான ஊர்கள் சிலவே. பௌத்தர், சைவர், இஸ்லாமியர், கிறிஸ்தவர் ஆகிய நால்வகைச் சமயத்தாரும் அச்சிறு நகரில் அருகருகே வாழ்கின்றனர். அவர்தம் வழிபாட்டிடங்களுள் முதன்மையானவற்றை ஒரே நாளில் நடந்தே கண்டுவிடலாம். நகரைச் சூழ்ந்த மலைகளிலோ, தேயிலைத் தோட்டங்கள்தோறும், வழிகாட்டி நூல்களில் இடம்பெறாத சிறு கோயில்கள் எண்ணிறந்தன உள்ளன. இவ்விருவகைத் தலங்களையும் ஒருங்கே வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதியங்கனையும் கதிர்காமத் தேவாலயமும்

ஊவா மாகாணத்தின் தலைநகராகிய பதுளை, நமுனுகுல மலையின் அடிவாரத்தில் பதுளு ஓயாவின் கரையில் அமைந்துள்ளது. ‘ஒன்பது சிகரம்’ எனப் பொருள்படும் பெயருடைய அம்மலை ஏறத்தாழ 2,036 மீற்றர் உயரமுடையது. கொழும்பிலிருந்து வரும் மலைநாட்டுப் புகையிரதப் பாதை 1894 ஆம் ஆண்டிலே பண்டாரவளையை அடைந்தது. அங்கிருந்து பதுளைக்கு வந்து சேர அதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. 1924 ஆம் ஆண்டில் இங்கு வந்த பாதை, இன்றும் இங்கேயே முடிவடைகின்றது. நிலையத்தினின்று வெளிப்போந்து சிறிது தூரம் நடப்போர் முதலிற் காண்பது முதியங்கனை விகாரையின் வெண்ணிறத் தாதுகோபமேயாம்.

பௌத்தர்கள் இலங்கையிலே தலைசிறந்தனவாகப் போற்றும் பதினாறு திருத்தலங்களுள் முதியங்கனையும் ஒன்று. புத்தபெருமான் ஞானம் பெற்ற எட்டாம் ஆண்டில், மணியக்கிகன் என்னும் நாக அரசனின் அழைப்பை ஏற்றுக் களனிக்கு எழுந்தருளினார் என்பதும், அப்பயணத்திலேயே நமுனுகுல மலைக்கு அதிபதியாகிய இந்தகன் என்னும் தேவனின் வேண்டுகோளுக்கிணங்கிப் பதுளைக்கும் வந்தார் என்பதும் அவர்தம் மரபு. மரபு கூறுவதை வரலாறு எவ்வளவிற்கு உறுதிப்படுத்தும் என்பது வேறு வினா. மலைக்கொரு தேவன் உண்டு, அவன் விருந்தினரை அழைத்து உபசரிப்பான் என்னும் எண்ணம் இம்மண்ணில் மிகப் பழையது என்பதையே நாம் ஈண்டுக் கருத்திற் கொள்ளவேண்டும். பின்னர் மடுல்சீமை மலைக்கு ஏறும்போது அவ்வெண்ணத்தை மறுபடியும் சந்திப்போம்.

நகரின் மற்றொரு பழைய தலம் கதிர்காமத் தேவாலயம். கண்டி இராச்சியக் கட்டட முறையில் அமைந்த இத்தேவாலயத்திற்குச் செல்லும் சைவ அன்பர்க்கு அங்குள்ள யாவும் புதியனவாகவும் பழகியனவாகவும் ஒருசேரத் தோன்றும். பூசை செய்பவர் ஐயரல்லர். கப்புறாளை எனப்படும் சிங்களப் பூசகர். ஓதும் மொழியும் சிங்களமே. கதிர்காமத்திற் போலவே மூலத்தானத்தைத் திரை மறைத்திருக்கும். ஆயின் வழிபடப்படும் தெய்வம் நம் முருகனே. அடியார் ஏந்தி நிற்கும் பழத்தட்டும் நாம் ஏந்தும் தட்டினின்றும் வேறுபட்டதன்று. ஒரே தெய்வத்தை இருமொழியாளர் இருவேறு முறையில் வழிபடுவது எவ்வாறு இயலும் என்று ஐயுறுவோர், நூல்களைப் புரட்டுமுன் இவ்வாசலிலே சிறிது நேரம் நிற்பாராக.

இந்நகரம் துன்பமறியாததன்று. 1630 ஆம் ஆண்டில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா படையுடன் ஊவாவுக்குள் நுழைந்து பதுளையைத் தீக்கிரையாக்கினான். திரும்பும் வழியில் ரந்தெனிவலையில் கண்டிப்படை அவனை மறித்து வீழ்த்தியது. எரிந்த நகரம் மீண்டும் எழுந்தது. ஆனால் பதுளை எரிந்தது அந்த ஒருமுறை மாத்திரமன்று என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

கடைத்தெருவும் பள்ளிவாசலும் மாதா கோயிலும்

பதுளையிலே பத்தாம் நூற்றாண்டுக் கல்தூண் சாசனம் ஒன்று பேணப்பட்டு வருகின்றது. நான்காம் உதயன் காலத்ததாகிய அச்சாசனம், மகியங்கனைக்கு அண்மையில் ஹொரபொரக் குளத்தின் அயலிற் கண்டெடுக்கப்பட்டுப் பின்னர் பதுளைக்குக் கொணரப்பட்டது. ஹோபிட்டிகம என்னும் சந்தையின் வணிகர்கள் அதிகாரிகளின் முறைகேடுகளைக் குறித்து மன்னனிடம் முறையிட, அவன் வகுத்த விதிகளை அது கூறுகின்றது. முத்திரையிடாத நிறைகளைக் கையாளுதல் ஆகாது என்றும், போயா நாளில் வணிகம் செய்தல் ஆகாது என்றும், அதனை மீறுவோர் மகியங்கனை விகாரையின் விளக்குக்கு எண்ணெய் இறுத்தல் வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. சந்தையும் சமயமும் ஊவாவிலே ஆயிரம் ஆண்டுகளாகக் கைகோத்து வந்துள்ளன என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கண்டி மன்னர் காலத்தில் இவ்வணிகத்தின் பெரும்பங்கு முஸ்லிம் மக்களின் கையில் இருந்தது. தவளம் எனப்படும் பொதிமாட்டுக் கூட்டங்களில் கரையோரத்திலிருந்து உப்பையும் கருவாட்டையும் ஏற்றிவந்து, மலைநாட்டுப் பாக்கையும் பிற விளைபொருள்களையும் மாற்றாகக் கொண்டு சென்றவர்கள் அவர்களே. வெள்ளிக்கிழமை நண்பகலில் பதுளைக் கடைகள் சிலவற்றின் கதவு சாத்தப்பட்டு, வணிகர் பள்ளிவாசலை நோக்கி நடப்பதைக் காண்போர், அப்பழைய தவளப் பாதையின் தொடர்ச்சியையே காண்கின்றனர் எனலாம். தமிழகத்திலிருந்து வந்த வணிகரும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆசிரியரும் எழுதுவினைஞரும் பின்னாளில் இக்கடைத்தெருவைச் சூழக் குடியேறினர். நகரின் சைவாலயங்கள் அவர்தம் பொருளாலும் தோட்டத் தொழிலாளரின் காணிக்கையாலும் வளர்ந்தன.

கிறிஸ்தவ ஆலயங்களுள் தூய மாற்கு ஆலயம் வரலாற்றுச் சிறப்புடையது. உதவி அரசாங்க அதிபராக இருந்து ஊவாவில் வீதிகளை அமைப்பித்த மேஜர் தோமஸ் வில்லியம் றோஜர்ஸ் என்பவரின் நினைவாக எழுப்பப்பட்ட இவ்வாலயம் 1857 ஆம் ஆண்டில் திருநிலைப்படுத்தப்பட்டது. இவர் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்பர். 1845 ஆம் ஆண்டு யூன் 7 ஆம் நாள் அப்புத்தளையில் இடி வீழ்ந்து இறந்தார். அவரை அறிந்த எல்லா வகுப்பாரும் கூடி இவ்வாலயத்தை எழுப்பினர் என்று அங்குள்ள நினைவுப் பலகை தெரிவிக்கின்றது. கத்தோலிக்கர்க்குத் தூய மரியாள் பேராலயம் உண்டு. 1972 ஆம் ஆண்டில் பதுளை மறைமாவட்டம் அமைக்கப்பட்டபோது, லியோ நாணயக்கார ஆண்டகை அதன் முதல் ஆயரானார்.

இவ்வாறு நான்கு சமயத்தாரின் தலங்களும் ஒருவர் மணியோசையை மற்றவர் கேட்கும் அண்மையில் அமைந்திருப்பதைக் கண்டு மகிழ்வோர் பலர். நாமும் மகிழ்கின்றோம். ஆயினும் உண்மையை மறைத்தல் கற்றோர்க்கு அழகன்று. 1983 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் இதே நகரில் தமிழர்தம் கடைகளும் வீடுகளும் எரியூட்டப்பட்டன. கோயில்கள் அருகருகே இருத்தலால் மட்டும் மக்கள் அயலவராகிவிடுவதில்லை. ஒருவர் கோயிலின் கதையை மற்றவர் அறிந்திருத்தலும் வேண்டும். அறியாத கதையை உடையவன் எந்நாளும் அந்நியனாகவே எண்ணப்படுவான். இக்கூற்று மலைத் தோட்டங்களுக்கு மிகவும் பொருந்தும்.

மடுல்சீமைக்குச் செல்லும் வழி

பதுளையிலிருந்து பசறைக்குச் சென்று, அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறும் மலைவீதி மடுல்சீமையை அடைகின்றது. பட்டாவத்தை, ரோபேரி, கொக்காகலை முதலிய தோட்டங்கள் அம்மலைச் சரிவுகளிற் பரந்துள்ளன. இன்று தேயிலையால் அறியப்படும் இச்சீமை, ஒரு காலத்தில் கோப்பிக்குப் பேர்பெற்றிருந்தது. இலங்கையின் கோப்பிப் பயிரை அடியோடு அழித்த இலைத்துரு நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1869 ஆம் ஆண்டில் இம்மடுல்சீமைத் தோட்டமொன்றிலேயாகும். இலையின் அடியிற் காணப்பட்ட மஞ்சட் பொடி ஏறத்தாழ இருபதாண்டுகளில் நாட்டின் முதன்மைத் தொழிலையே மாற்றிவிட்டது. கோப்பிச் செடி அகன்ற இடத்தில் தேயிலை நடப்பட்டது. கோப்பிக் காலத்தில் அறுவடைக்கு வந்து திரும்பிய தொழிலாளர், ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கவேண்டிய தேயிலை வந்தபின் மலையிலேயே நிலையாகத் தங்கலாயினர். அவர்கள் தங்கவே, அவர்தம் தெய்வங்களும் தங்கின.

திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமாருடன் புறப்பட்ட அம்மக்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே பலநாள் நடந்து மலைநாட்டை அடைந்தனர். வழியில் வாந்திபேதிக்கும் பசிக்கும் பலியானோர் பலர். உயிருடன் மலையேறியோர் ஒரு மரத்தடியில் கல்லொன்றை நட்டு, மஞ்சளும் குங்குமமும் சாற்றி, பக்கத்தே சூலத்தை ஊன்றி மாரியம்மனை வழிபடத் தொடங்கினர். மழையையும் கொள்ளைநோயையும் தன் கைக்குள் வைத்திருப்பவள் என அவர் நம்பிய அன்னையே அப்புதிய மலையில் அவர்க்கு முதற்றுணையானாள். அக்கல் பின்னர்க் கூரைவேய்ந்த கோயிலாயிற்று. கூரை காலப்போக்கிற் கோபுரமாயிற்று. தோட்டக் கணக்கப்பிள்ளையின் செக்றோலில் ஒவ்வொருவர் சம்பளத்திலும் பிடிக்கப்பட்ட சிறு தொகையே பல கோயில்களின் திருவிழாவுக்கு முதலாக அமைந்தது. அன்றாடம் உழைப்போர் தம் கூலியிற் பங்கிட்டுக் கட்டிய கோயில்கள் இவையாதலின், அரசரும் செல்வரும் கட்டிய ஆலயங்களினும் இவை எவ்வகையிலும் தாழ்ந்தன அல்ல.

ஊரிலிருந்து கொணர்ந்த தெய்வங்கள் மாரியம்மன், முனியாண்டி, மதுரைவீரன் முதலியன. மலையே புதிதாகத் தந்த தெய்வங்களும் உண்டு. தேயிலை ஆலையின் சக்கரத்தைத் தொழிலாளர் றோதை என்பர். போர்த்துக்கேய மொழியிலிருந்து நம் பேச்சில் வந்து கலந்த சொல் அது. சுழலும் அவ்வியந்திரத்தினால் ஊறு நேராவண்ணம் காப்பவர் றோதைமுனி. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் காலத்தில், கத்தி பிடிப்போர் மலையிலேயே பொங்கலிட்டு வணங்குவது கவ்வாத்துச்சாமியை. இவ்விரு பெயர்களும் எந்தப் புராணத்திலும் இல்லை. தமிழகத்தின் ஊர்களிலும் இல்லை. தொழிலிடத்திலேயே, தொழிலின் பெயராலேயே தெய்வத்தைக் கண்ட மக்களின் படைப்பு இவை. நமுனுகுல மலைக்கு ஒரு தேவனைக் கண்ட பழைய மரபும், ஆலைக்கு ஒரு முனியைக் கண்ட இம்மரபும் ஒரே மனவியல்பினின்றும் பிறந்தன என்பதை அறிஞர் மறுக்கமாட்டார்.

மாசித் திங்களில் அமாவாசை கழிந்து பிறை தோன்றியதும் காமன் கம்பம் ஊன்றப்படும். அன்று முதல் இரவுதோறும் தப்பு முழங்க, இரதியும் மதனுமாக வேடம் புனைந்தோர் ஆடுவர். முடிவில் சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் காமன் எரிவான், இரதி புலம்புவாள். பகலில் கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியும் சுமந்தவர்களே இரவிலே தேவரும் அரசருமாக மாறும் இக்கூத்திற்குப் பார்வையாளர், நடிகர் என்னும் வேற்றுமை பெரிதும் இல்லை. தோட்டம் முழுவதுமே அரங்காகும். முற்காலத்தில் விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைத்ததும் தப்பே. வேலைக்கு விரட்டிய ஓசையையே அவர்கள் வழிபாட்டுக்கும் உரிய ஓசையாக்கிக்கொண்டனர்.

பசறையிலிருந்து மற்றொரு வீதி மொனறாகலைக்கு இறங்கி, புத்தளை வழியாகக் கதிர்காமத்திற்குச் செல்கின்றது. ஆடித் திங்களில் மலைத்தோட்டத்துக் காவடியும் பதுளை நகரத்துச் சிங்கள அடியாரும் ஒரே ஆற்றில் நீராடி ஒரே சந்நிதியில் நிற்பதற்கு அவ்வீதி வழிசெய்கின்றது.

எழுதப்படாத வரலாறு

முதியங்கனைக்கு நெடுங்கால மரபுரை உண்டு. ஹோபிட்டிகமச் சந்தைக்குக் கல்தூண் உண்டு. தூய மாற்கு ஆலயத்திற்கு நினைவுப் பலகை உண்டு. மடுல்சீமையின் மாரியம்மனுக்கும் றோதைமுனிக்கும் முதியோர் நினைவைத் தவிர ஏறக்குறைய வேறொன்றுமில்லை. அந்நினைவும் பலமுறை அறுக்கப்பட்டது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேருக்கு இந்நாட்டுக் குடியுரிமை வழங்கவும் வகுத்தது. எஞ்சியிருந்த 150,000 பேரை 1974 ஆம் ஆண்டின் உடன்படிக்கை இரு நாட்டிற்கும் சரிபாதியாகப் பிரித்தது. பூசாரி ஒரு கப்பலிலும் கூத்து வாத்தியார் மறு கப்பலிலும் சென்றால், கோயிலின் கதையை யார் சொல்வது? நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேதான் வந்தது.

இக்காலத்தே வேறொரு வகையிலும் நினைவு மங்குகின்றது. இளைஞர் வேலை தேடிக் கொழும்புக்குச் செல்கின்றனர். சில இடங்களில் தேயிலை கைவிடப்பட்டுக் காடாகின்றது. மரத்தடிச் சூலமும் அக்காட்டுக்குள் மறைகின்றது. பழைய கோயிலைப் புதுப்பிக்கும்போது, றோதைமுனி என்னும் பெயரைச் சொல்லக் கூசி, ஆகமப் பெயரொன்றைச் சூட்டிவிடுவோரும் உளர். ஆகம நெறியை நாம் குறைத்துரைக்கவில்லை. கருங்கற் கோயிலும் கும்பாபிடேகமும் வரவேற்கத்தக்கனவே. ஆயினும் முன்னோர் சூட்டிய பெயரை அழித்தால், அவர் இம்மலையில் உழைத்து வாழ்ந்தமைக்கு அவரே விட்டுச்சென்ற ஒரே கையொப்பத்தை அழித்தவராவோம்.

எம் கல்லூரியிற் பயின்று பல துறைகளிலும் சிறப்புற்று விளங்கும் பழைய மாணவர்க்கும், இன்று பயிலும் இளையோர்க்கும் இவ்விழா மலர் வாயிலாக ஒன்று வேண்டுகின்றோம். விடுமுறையில் வீடு செல்லும்போது உங்கள் தோட்டத்துக் கோயிலின் கதையை முதியோரிடம் கேட்டு எழுதுங்கள். முதற்கல்லை நட்ட குடும்பம் எது, அது தமிழகத்தின் எவ்வூரிலிருந்து வந்தது, பூசை செய்தவர் யாவர், திருவிழா எந்நாளில் நிகழும், காமன் கூத்திற்கு எவர் தப்படித்தார் என்று ஒரு குறிப்பேட்டில் இருபது பக்கம் எழுதினாலும் போதும். ஒரு படியைக் கல்லூரி நூலகத்திற்கும், மற்றொரு படியைக் கோயிற் பரிபாலன சபைக்கும் கொடுங்கள். இயலுமாயின் அயலூர் விகாரையின் கதையையும், பள்ளிவாசலின் கதையையும் அவ்வேட்டிலேயே சேர்த்தெழுதுங்கள். உங்கள் கதையை அவர்க்கும் சொல்லுங்கள். பதுளையின் கோயில் மணிகள் ஒன்றையொன்று கேட்கும் தொலைவில் உள்ளன. அம்மணிகளுக்குரிய மக்களும் ஒருவர் வரலாற்றை ஒருவர் கேட்டறியும் நாள் விரைவில் வருவதாக.